கண்ணை மறைத்த கை: ஹவானா, 1915

பழைய நிழற்படங்கள் சிலவற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு. பார்ப்பவனை நீதிபதியின் ஆசனத்தில் அமர்த்திவிட்டு, தீர்ப்பைச் சொல் என்று அவை வற்புறுத்தும். குத்துச்சண்டை வரலாற்றில் அத்தகைய படம் ஒன்று இருக்கிறது. 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, கியூபாவின் தலைநகர் ஹவானாவை அடுத்த குதிரைப் பந்தயத் திடல் ஒன்றில் எடுக்கப்பட்ட படம் அது.

மேடையின் மீது கறுப்பினத்தவர் ஒருவர் மல்லாந்து கிடக்கின்றார். முழங்கால்கள் மடிந்து மேலெழுந்துள்ளன. கையுறை அணிந்த அவரது கை முகத்துக்கு மேலே உயர்ந்து, உச்சி வெயிலிலிருந்து கண்களைக் காப்பது போலத் தோன்றுகின்றது. மத்தியஸ்தர் எண்ணிக்கொண்டிருக்கின்றார். சற்று அப்பால், மலைபோன்ற உருவம் கொண்ட வெள்ளையர் ஒருவர் கைகளைத் தொங்கவிட்டபடி நிற்கின்றார். பின்னால் தொப்பி அணிந்த பெருங்கூட்டம்.

கிடப்பவர் ஜாக் ஜோன்சன். உலக அதிபார குத்துச்சண்டைப் பட்டத்தை வென்ற முதலாவது கறுப்பினத்தவர். நிற்பவர் கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜெஸ் வில்லார்ட். அந்தக் கணத்தில் பட்டம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறிக்கொண்டிருந்தது.

இந்தப் படத்துக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கின்றது. 1990களின் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு பத்திரிகையில் இளம் உதவி ஆசிரியனாக நான் பணிபுரிந்தபோது, விளையாட்டுப் பக்கத்தில் ஒரு மூலையை நிரப்புவதற்காக இப்படம் என் மேசைக்கு வந்தது. பக்கம் அச்சுக்குப் போகவேண்டிய நேரம். யோசிக்க அவகாசம் இருக்கவில்லை. 'பணத்துக்காகப் பட்டத்தை விற்ற ஜோன்சன், வெயில் சுடாமல் கண்ணை மறைத்தபடி படுத்திருக்கும் காட்சி' என்று படக்குறிப்பு எழுதி அனுப்பிவிட்டேன். ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் எப்போதோ வாசித்தது நினைவில் இருந்தது. அது போதுமென்று எண்ணினேன்.

இரண்டு வாரங்களின் பின்னர் கண்டியிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர் ஒருவர். 'ஆசிரியர் அவர்களுக்கு, தாங்கள் எழுதியது படத்தில் கண்டதையா, படத்தைப் பற்றிக் கேட்டதையா?' என்ற ஒரேயொரு கேள்வி மட்டுமே அதில் இருந்தது. நான் பதில் எழுதவில்லை. சரியான பதில் என்னிடம் இருக்கவுமில்லை. இப்போது அந்தப் பதிலை எழுத முயல்கின்றேன்.

*

ஜோன்சன் 1878ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி டெக்ஸாஸ் மாநிலத்தின் துறைமுக நகரான கல்வெஸ்டனில் பிறந்தார். அவரது பெற்றோர் இருவரும் அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்றவர்கள். துறைமுகத்தில் கூலி வேலை செய்து வளர்ந்த அவர், 1903இல் கறுப்பினத்தவருக்கென்று தனியே வகுக்கப்பட்டிருந்த அதிபாரப் பட்டத்தை வென்றார். உண்மையான உலகப் பட்டத்துக்கு அவரால் போட்டியிட முடியவில்லை. ஜோன் சலிவன் காலந்தொட்டே அந்தப் பட்டத்தைச் சுற்றி நிறவேலி ஒன்று போடப்பட்டிருந்தது. சாம்பியனாக இருந்த ஜேம்ஸ் ஜெஃப்ரிஸ், ஜோன்சனுடன் மோத மறுத்து, எவரிடமும் தோற்காத நிலையிலேயே 1905இல் ஓய்வு பெற்றார்.

பின்னர் சாம்பியனான கனடா நாட்டவர் டொமி பேர்ன்ஸை ஜோன்சன் நாடு நாடாகப் பின்தொடர்ந்தார். இறுதியில் பணம் வேலியைத் திறந்தது. ஆறாயிரம் பவுண் உறுதியளிக்கப்பட்டதும் பேர்ன்ஸ் உடன்பட்டார். 1908ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இருவரும் மோதினர். பதினான்காவது சுற்றில் பேர்ன்ஸ் நிற்க முடியாமல் தள்ளாடியபோது பொலிஸார் தலையிட்டுச் சண்டையை நிறுத்தினர். திரைப்படக் கமராவும் அவ்வேளையில் நிறுத்தப்பட்டது. வெள்ளைச் சாம்பியன் வீழும் கணத்தை உலகம் பார்க்கவேண்டியதில்லை என்று அங்கிருந்தோர் முடிவு செய்தனர்.

வாசகர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஜோன்சனின் கதையில் கமரா எப்போது இயங்கியது, எப்போது நிறுத்தப்பட்டது, எடுத்த படத்தை யார் பார்க்க அனுமதிக்கப்பட்டனர் என்பவை, யார் யாரை அடித்தார் என்பதற்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையவை.

சிட்னியில் மேடையருகே இருந்து செய்தி எழுதியவர் நாவலாசிரியர் ஜாக் லண்டன். ஜெஃப்ரிஸ் தமது பண்ணையை விட்டு வெளியே வந்து ஜோன்சனின் முகத்திலுள்ள புன்னகையை அகற்றவேண்டும் என்ற பொருளில் அவர் விடுத்த அழைப்பு, அமெரிக்கப் பத்திரிகைகளின் பொது முழக்கமாக மாறியது. 'வெள்ளையரின் பெரும் நம்பிக்கை' என்ற தொடர் அக்காலத்தில் உருவானதுதான்.

ஜெஃப்ரிஸ் வந்தார். 1910ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் திகதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தில், நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் அந்தச் சண்டை நடைபெற்றது. தம் வாழ்நாளில் ஒருபோதும் தரையில் வீழ்த்தப்படாத ஜெஃப்ரிஸ், பதினைந்தாவது சுற்றில் மீண்டும் மீண்டும் வீழ்த்தப்பட்டார். அன்றிரவு அமெரிக்காவின் பல நகரங்களில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பின மக்களைத் தாக்கின. பலர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலானோர், ஒரு வெற்றிச் செய்தியைக் கேட்டு வீதியில் மகிழ்ந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாதவர்கள்.

இம்முறை கமரா நிறுத்தப்படவில்லை. முழுச் சண்டையும் படச்சுருளில் இருந்தது. ஆகவே படச்சுருளையே நிறுத்தவேண்டியதாயிற்று. நகரங்களும் மாநிலங்களும் அதைத் திரையிடுவதற்குத் தடை விதித்தன. 1912 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ், குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கோ, வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்கோ கொண்டுசெல்வதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. சட்டத்தின் வாசகத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எவருடைய வெற்றியை மறைக்க அது பிறந்தது என்பதை அறியாதவரும் இல்லை.

இந்த அச்சம் அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 1911இல் லண்டனில் ஜோன்சனுக்கும் ஆங்கில வீரர் பில்லி வெல்ஸுக்கும் இடையே ஒரு போட்டி ஏற்பாடாகியிருந்தது. மதகுருமார் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஒரு கறுப்பினத்தவர் ஆங்கிலேயரை வீழ்த்துவதைக் குடியேற்ற நாடுகளின் மக்கள் அறிந்தால் என்னவாகும் என்ற கேள்வியும் எழுப்பப்பட்டது. அன்றைய உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சேர்ச்சில் போட்டி சட்டவிரோதமானது என அறிவிக்க, அது கைவிடப்பட்டது. அந்நாளில் இலங்கையும் அச்சாம்ராஜ்யத்தின் ஒரு துண்டு. எங்கள் பாட்டன்மார் எதைக் கண்டுவிடக்கூடாது என்று லண்டனில் கவலைப்பட்டார்களோ, அதன் ஒரு பகுதி ஜோன்சனின் கையுறைக்குள் இருந்தது.

*

மேடையில் வீழ்த்த முடியாதவரை நீதிமன்றத்தில் வீழ்த்தும் முயற்சி 1912இல் தொடங்கியது. ஜோன்சன் அடக்கமாக வாழத் தெரியாதவர். விலையுயர்ந்த மோட்டார் வாகனங்கள், தங்கப் பற்கள், எல்லாவற்றுக்கும் மேலாக வெள்ளையினப் பெண்களுடன் பகிரங்கமான உறவு. அவரது மனைவி எட்டா 1912 செப்டெம்பரில் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த மாதமே, ஒழுக்கக்கேடான நோக்கத்துக்காகப் பெண்களை மாநில எல்லை கடத்துவதைத் தடுக்கும் 'மான்' சட்டத்தின் கீழ் ஜோன்சன் கைது செய்யப்பட்டார். முதல் வழக்கில் சாட்சியாக நிறுத்த நினைத்த லூசில் கமரூன் சாட்சியம் அளிக்க மறுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவரையே ஜோன்சன் மணந்துகொண்டார். அரசு வேறொரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்தது. 1913 ஜூனில், முற்றிலும் வெள்ளையர்களைக் கொண்ட ஜூரிகள் சபை அவரைக் குற்றவாளி எனக் கண்டது. ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை. மேன்முறையீடு நிலுவையில் இருக்கையில் அவர் கனடா வழியாகப் பிரான்ஸுக்குத் தப்பிச் சென்றார்.

1914 ஜூன் 27ஆம் திகதி பாரிஸில் பிராங்க் மொரானுடன் இருபது சுற்றுகள் மோதிப் பட்டத்தைத் தக்கவைத்தார். மறுநாள் சரயேவோவில் ஒஸ்ட்ரிய முடிக்குரிய இளவரசர் சுட்டுக்கொல்லப்பட்டார். ஐரோப்பா போரில் மூழ்கியது. பாரிஸ் சண்டையின் பணமும் ஜோன்சனின் கைக்கு வந்து சேரவில்லை. நாடும் இல்லை, வருமானமும் இல்லை என்ற நிலையில் தென்னமெரிக்கா சென்ற அவருக்கு, வில்லார்டுடனான சண்டைக்கான அழைப்பு வந்தது. மெக்ஸிகோவின் எல்லை நகரான ஹுவாரெஸில் நடக்கவேண்டிய போட்டி, அந்நாட்டு உள்நாட்டுப் போரினால் ஹவானாவுக்கு மாற்றப்பட்டது.

உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் அது. ஜோன்சனுக்கு 37 வயது நிறைந்து ஐந்து நாட்கள்தான் ஆகியிருந்தன. ஓடி ஒளிந்த ஆண்டுகளில் உடம்பு தளர்ந்திருந்தது. வில்லார்ட்டுக்கு 33 வயது. ஆறரை அடி உயரம். குதிரை மேய்த்து வாழ்ந்த அவர், இருபத்தைந்து வயதைக் கடந்த பின்னரே குத்துச்சண்டைக்கு வந்தவர். கலையில் ஜோன்சனுக்கு அவர் எவ்வகையிலும் நிகரல்லர். ஆனால் போட்டி 45 சுற்றுகளுக்கு ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. கலை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதே கேள்வி.

ஏறத்தாழ இருபது சுற்றுகள் வரை ஜோன்சனின் கையே ஓங்கியிருந்தது. பின்னர் கால்கள் தளர்ந்தன. அடிகளின் வேகம் குறைந்தது. இருபத்தாறாவது சுற்றில் வில்லார்ட்டின் வலக்கைக் குத்து ஜோன்சனின் தாடையில் இறங்கியது. அதன் பின்னர் நாம் காண்பதுதான் அந்தப் படம்.

*

தாம் வேண்டுமென்றே தோற்றதாக ஜோன்சன் பின்னர் சொன்னார். 1927இல் வெளிவந்த தன்வரலாற்றிலும் அதை எழுதினார். பணமும், சிறைக்குப் போகாமல் நாடு திரும்பும் வாய்ப்பும் தமக்கு வாக்களிக்கப்பட்டன என்பது அவரது கூற்று. அதற்கு ஆதாரமாக உலகம் எடுத்துக்கொண்டது நிழற்படத்தைத்தான். மயங்கி விழுந்தவன் வெயிலுக்குக் கண்ணை மறைப்பானா என்று கேட்டார்கள். நானும் அந்தக் கேள்வியை நம்பித்தான் படக்குறிப்பு எழுதினேன்.

படத்தை ஒரு கணம் மறந்துவிட்டு, நடந்தவற்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்று நிமிடச் சுற்றுகள் இருபத்தைந்து. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு நிமிட ஓய்வு. ஆக, இறுதிச் சுற்று தொடங்கும்போதே 100 நிமிடங்கள் கழிந்துவிட்டன. தோற்பதற்குப் பணம் பெற்ற ஒருவர், வெப்பமண்டல வெயிலில் நூறு நிமிடங்கள் அடித்தும் அடிபட்டும் நிற்கவேண்டிய தேவை என்ன? விட்டுக்கொடுப்பதாயின் இன்னும் முன்னரே அதைச் செய்திருக்கலாமே, அந்த வெயிலில் என்னை ஏன் வாட்டினார் என்று வில்லார்ட் கேட்டதாகச் சொல்வார்கள். நகைச்சுவை போல ஒலித்தாலும், அது ஒரு நல்ல குறுக்கு விசாரணை.

அடுத்தது, நாடு திரும்பும் வாக்குறுதி. அப்படியொன்று இருந்திருந்தால் அது நிறைவேறவேயில்லை. ஜோன்சன் மேலும் ஐந்து ஆண்டுகள் ஸ்பெயினிலும் மெக்ஸிகோவிலும் அலைந்தார். 1920 ஜூலையில் அமெரிக்க எல்லையில் தாமாகவே சரணடைந்தார். தண்டனைக் காலத்தை லெவன்வேர்த் சிறையில் கழித்து 1921 ஜூலையில்தான் வெளியே வந்தார். ஏமாற்றப்பட்டிருக்கலாம் என்று சிலர் வாதிடக்கூடும். ஆனால் அந்தக் கூற்றை மெய்ப்பிக்கும் வேறு சான்று எதுவும் இன்றுவரை நம்பத்தக்கதாக முன்வைக்கப்படவில்லை.

அப்படியானால் மக்கள் ஏன் படச்சுருளைப் பார்த்துத் தெளிவு பெறவில்லை? ஹவானாவிலும் திரைப்படக் கமராக்கள் இயங்கின. சண்டை முழுவதும் பதிவாகியது. ஆனால் 1912ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது. கறுப்பினத்தவரின் வெற்றியை மறைப்பதற்காகச் செய்த சட்டம், இப்போது வெள்ளையரின் வெற்றியையும் உள்ளே வரவிடவில்லை. இறக்குமதி செய்ய முயன்றவரின் வழக்கை 1915 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. 1916இல் சிலர் நியூயோர்க் மாநிலத்தின் கனேடிய எல்லைக்குச் சென்று ஒரு விந்தையான உபாயம் செய்தனர். படச்சுருளைக் கனடாவின் மண்ணில் ஓடவிட்டு, எல்லைக்கோட்டுக்கு இப்பால் அமெரிக்க மண்ணில் கமராவை வைத்து அதை மறுபடியும் படம்பிடித்தனர். சுருள் எல்லையைத் தாண்டவில்லை, ஒளி மட்டுமே தாண்டியது என்பது அவர்களது வாதம். சுங்க அதிகாரிகள் அதையும் விடவில்லை. நீதிமன்றமும் அதிகாரிகளின் பக்கமே நின்றது. அந்தச் சட்டம் 1940இல்தான் நீக்கப்பட்டது.

ஆக, ஒரு தலைமுறை அமெரிக்கர்களுக்கு எஞ்சியது ஒரு நிழற்படம் மட்டுமே. நூறு நிமிடங்களுக்கு மேல் நீண்ட ஒரு நிகழ்வு, ஒரு நொடியின் சிறு துண்டாகச் சுருங்கியது. அந்தத் துண்டில் ஒரு கை கண்ணுக்கு மேலே நின்றது. முன்னும் பின்னும் இல்லாத இடத்தை அவரவர் விருப்பம் நிரப்பியது.

இன்று அந்தப் படச்சுருளை எவரும் கணினித் திரையில் காணலாம். நானும் பலமுறை பார்த்திருக்கின்றேன். முதுமை தொட்ட ஒரு வீரர், சுற்றுக்குச் சுற்று மெல்ல மெல்லக் களைத்துப் போவதை அதில் காணமுடிகின்றது. குத்து விழுகின்றது. கால்கள் மடிகின்றன. முகத்துக்கு மேலெழும் அந்தக் கை, விழுந்த உடம்பின் அசைவுகளில் ஒன்றாக வந்து போகின்றது. நிழற்படத்தில்தான் அது நிலையாக நிற்கின்றது. ஓட்டத்தில் பார்க்கும்போது அதற்கு அந்தப் பொருள் இல்லை.

அப்படியிருக்க, ஜோன்சன் ஏன் அவ்வாறு சொன்னார்? எனது ஊகம் இது. தாம் தோற்கடிக்கப்பட்டவர் என்பதைவிடத் தாம் விற்றவர் என்பதை ஏற்பது அவருக்கு எளிதாயிருந்தது. விற்றவனிடம் கடைசிவரை விற்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது என்றாகிறதல்லவா? தமது நாடும், சட்டமும், பத்திரிகைகளும் ஏழாண்டுகளாகத் துரத்தி வீழ்த்த முயன்ற ஒரு மனிதர், இறுதியில் காலத்தாலும் வெயிலாலும் தம்மைவிடத் திறமை குறைந்த ஒருவரிடம் வீழ்ந்தார் என்பதைத் தமக்கே சொல்லிக்கொள்ள அவரால் முடியவில்லை. அவருக்காகப் பேச அந்தப் படம் முன்வந்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

*

அந்தத் தோல்விக்கான விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. வில்லார்ட் தாம் சாம்பியனாக இருந்த காலத்தில் எந்தக் கறுப்பின வீரருக்கும் பட்டப் போட்டியில் வாய்ப்பளிக்கவில்லை. 1919இல் அவரைத் தோற்கடித்த ஜாக் டெம்ஸியின் காலத்திலும், ஹரி வில்ஸ் என்ற தகுதிவாய்ந்த கறுப்பின வீரர் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து களைத்துப்போனார். ஜோன்சனும் இவ்விடயத்தில் முற்றிலும் குற்றமற்றவர் அல்லர். சாம்பியனாக இருந்தபோது சாம் லாங்ஃபோர்ட் போன்ற கறுப்பின வீரர்களை அவரும் தவிர்த்தே வந்தார். பெரும்பணம் வெள்ளை எதிராளிகளிடமே இருந்தது.

1937ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் திகதி சிக்காகோவில் ஜோ லூயிஸ் பட்டத்தை வெல்லும் வரை, ஹவானாவில் மூடப்பட்ட கதவு இருபத்திரண்டு ஆண்டுகள் மூடியே இருந்தது. அந்த இளைஞருக்கு அவரது முகாமையாளர்கள் விதித்திருந்த விதிகளுள் ஒன்று, வெள்ளையினப் பெண்ணுடன் ஒருபோதும் படமெடுத்துக்கொள்ளக் கூடாது என்பது. வீழ்ந்த எதிராளியைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்பது இன்னொன்று. ஜோன்சனைப் போல ஒரு படத்தில் சிக்கிவிடாதே என்பதே அவ்விதிகளின் உட்பொருள்.

ஜோன்சன் 1946 ஜூன் 10ஆம் திகதி வட கரோலினாவில் மோட்டார் வாகன விபத்தில் இறந்தார். அதற்குச் சற்று முன்னர் ஓர் உணவகத்தில் நிறத்தின் பொருட்டு அவமதிக்கப்பட்டுச் சினத்தோடு வாகனத்தைச் செலுத்தினார் என்பார்கள். வில்லார்ட் 1968 டிசம்பர் வரை வாழ்ந்தார். ஜோன்சன் மீதான தீர்ப்புக்கு 2018 மே 24ஆம் திகதி ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் மன்னிப்பு வழங்கினார். தீர்ப்பு வழங்கப்பட்டு 105 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கண்டி ஆசிரியருக்கு வருகின்றேன். அந்தத் தபாலட்டையை இடமாற்றங்களுக்கிடையே எப்போதோ தொலைத்துவிட்டேன். அன்றே அவர் முதியவர். இன்று உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ படங்களுக்கு அடியில் எத்தனையோ வரிகளை எழுதியிருக்கின்றேன். அவற்றுள் பல, விழுந்து கிடந்த மனிதர்களின் படங்கள். எவர் வீழ்த்தினார், ஏன் விழுந்தார் என்பதை அந்தப் படங்களில் எதுவும் தானாகச் சொன்னதில்லை. சொன்னவர்கள் நாங்கள்தாம்.

ஐயா, நான் எழுதியது படத்தைப் பற்றிக் கேட்டதை. படத்தில் இருந்தது இவ்வளவுதான்: ஒருவர் விழுந்திருக்கின்றார், ஒருவர் நிற்கின்றார், ஒருவர் எண்ணுகின்றார், வெயில் கடுமையாக இருக்கின்றது.